பச்சை விளக்கு எதைப் பார்த்துவிட்டு எரிகிறது? ஜோடி ஃபயர்வால்களில் பாலிசி பிசகும் கதை

நெட்வொர்க்கில் எந்த ட்ராஃபிக் போகலாம், எது போகக் கூடாது என்று பார்த்து நிறுத்துவது ஃபயர்வால். இரண்டு ஃபயர்வால்களை ஜோடியாகப் போடுகிறவர்கள் எல்லோரும் எதிர்பார்ப்பது ஒன்றைத்தான்: ஒன்று விழுந்தால் மற்றது அதே வேலையை அதே மாதிரி செய்ய வேண்டும். வேலையை எடுத்துக்கொள்வது இப்போதெல்லாம் பெரிய தலைவலி இல்லை. 'உயிரோடு இருக்கிறேன்' என்று வரும் ஹார்ட்பீட் நின்றதைக் கவனித்து, ஐபி முகவரியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, காத்திருக்கும் பெட்டியான ஸ்டாண்ட்பை சில நொடிகளில் வேலை செய்யும் பெட்டியான ஆக்டிவ் ஆகிவிடும். இந்தக் கைமாற்றம்தான் ஃபெயில்ஓவர். தகராறெல்லாம் 'அதே மாதிரி' என்பதில்தான். ஆக்டிவில் ஓடும் பாலிசியும் (எதை விடுவது, எதைத் தடுப்பது என்ற ரூல்களின் பட்டியல்) ஸ்டாண்ட்பையில் தூங்கும் பாலிசியும் ஒன்றுதானா? டாஷ்போர்டில் பச்சையாக 'இன் சிங்க்' (இரண்டும் ஒத்திருக்கின்றன) என்று எரிகிறது, அதனால் ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்கிறோம். அந்தப் பச்சை எதை எதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எரிகிறது என்று யாரும் கேட்பதில்லை.

ரவுட்டிங்கிலோ விலான் அமைப்பிலோ சிங்க் பிசகினால் ஃபெயில்ஓவர் ஆன நிமிடமே தெரிந்துவிடும். ஏதோ ஒன்று வேலை செய்யாது, யாராவது கூப்பிடுவார்கள். பாலிசி அப்படி இல்லை. அனுமதிக்கும் ரூல் ஒன்று மறுபக்கம் போய்ச் சேரவில்லை என்றால் சத்தம் வரும். தடுக்கும் ரூல் சேரவில்லை என்றால் சத்தமே வராது, ஏனென்றால் 'போகக் கூடாத ட்ராஃபிக் போகிறது, சரி பண்ணுங்கள்' என்று எந்தப் பயனரும் டிக்கெட் போடுவதில்லை. கடைசியில்தான் எல்லாவற்றையும் மறுக்கும் ரூல் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் நிஜ உலக ரூல்பேஸ்களில் 'இந்த சர்வரை மட்டும் தடு' என்று ஒரு வரி மேலே இருக்கும், 'இந்த சப்நெட் முழுவதையும் விடு' என்று ஒரு வரி அதற்குக் கீழே இருக்கும். மேல் வரி காணாமல் போனால் கீழ் வரி எல்லாவற்றையும் விட்டுவிடும், கடைசி வரி வரைக்கும் பாக்கெட் போகவே போகாது. இன்னொரு வகையும் உண்டு: ரூல் போய்ச் சேர்ந்திருக்கும், அதோடு ஒட்டியிருந்த ஐபிஎஸ் (ட்ராஃபிக்குக்குள் தாக்குதல் இருக்கிறதா என்று சோதிக்கும் பகுதி) ப்ரொஃபைல் சேர்ந்திருக்காது. ட்ராஃபிக் ஓடும், அப்ளிகேஷன் வேலை செய்யும், சோதனை மட்டும் நடக்காது. எல்லோருக்கும் சந்தோஷம். கவலைப்பட வேண்டியது இதற்குத்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஜோடிக்குள் இரண்டு தனித்தனி சிங்க் ஓடுகின்றன. ஒன்று செஷன் சிங்க், அதாவது இந்த நொடியில் எந்தெந்த இணைப்புகள் உயிரோடு இருக்கின்றன என்ற பட்டியல். மற்றது கான்ஃபிக் சிங்க், அதாவது பாலிசி உட்பட பெட்டியின் அமைப்பு விவரங்களை மறுபக்கம் கொண்டுபோவது. பாலோ ஆல்டோ கம்பெனியின் ஃபயர்வாலில் எச்ஏ1 (எச்ஏ என்பது ஹை அவைலபிலிட்டி, இந்த ஜோடி ஏற்பாட்டின் பெயர்) என்ற இணைப்பில் ஹார்ட்பீட்டும் கான்ஃபிக்கும் போகும், எச்ஏ2 என்ற வேறு இணைப்பில் செஷன்கள் போகும். பிஎஃப்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருளில் செஷன்களை பிஎஃப்சிங்க் என்ற புரோட்டோகால் கொண்டுபோகிறது, கான்ஃபிக்கை எக்ஸ்எம்எல்-ஆர்பிசி கொண்டுபோகிறது. ஒன்று ஜோராக ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்றது செத்துக் கிடக்கலாம். ஃபெயில்ஓவர் சோதனையில் பிங் ஒன்றிரண்டு மட்டும் விட்டுப்போய் மறுபடி ஓடுவதைப் பார்த்துவிட்டு 'எல்லாம் சரி' என்று கையெழுத்துப் போடுகிறவர்கள் செஷன் சிங்கைத்தான் சோதித்திருக்கிறார்கள், பாலிசியை இல்லை.

கான்ஃபிக் சிங்க் ஆகும் விதமும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. பக் (மென்பொருள் பிழை) எங்கே ஒளிந்திருக்கும் என்பதை அந்த விதமே தீர்மானிக்கிறது என்பதால் கொஞ்சம் பார்க்க வேண்டும். சிஸ்கோ ஏஎஸ்ஏவில் ஸ்டாண்ட்பை பூட் ஆகி ஜோடியில் சேரும்போது முழு கான்ஃபிக்கும் வரும், அப்புறம் ஆக்டிவில் அடிக்கும் ஒவ்வொரு கட்டளையும் வரி வரியாகப் பின்னாலேயே போகும். யாராவது தவறி ஸ்டாண்ட்பையில் போய்க் கட்டளை அடித்தால், இனி இரண்டும் ஒத்துப்போகாது என்று எச்சரிக்குமே தவிர மறுக்காது. பாலோ ஆல்டோவில் மாற்றங்களைக் கமிட் செய்யும்போது, அதாவது அமலாக்கும்போது, போகும். ஃபோர்ட்டிகேட்டில் கான்ஃபிக்கின் பகுதிகளுக்கு செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) எடுத்து, அவ்வப்போது இரண்டு பக்கமும் ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் இரண்டாவது யூனிட் முதல் யூனிட்டிடமிருந்து வாங்கிக்கொள்ளும். எஃப்5 பிக்-ஐபியில் இயல்பாக இருப்பது மேனுவல் சிங்க்: மாற்றம் செய்துவிட்டுப் போய்விட்டால் 'மாற்றங்கள் காத்திருக்கின்றன' என்று மஞ்சளாகக் காட்டிக்கொண்டே இருக்கும், ஒரு மனிதர் வந்து எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்கு என்று தேர்ந்தெடுத்துத் தள்ள வேண்டும். செக் பாயின்ட்டில் கேட்வேக்கள் ஒன்றுக்கொன்று பாலிசியைக் கொடுத்துக்கொள்வதே இல்லை. மேனேஜ்மென்ட் சர்வர் பாலிசியை கம்பைல் செய்து ஒவ்வொரு உறுப்பினருக்கும் நிறுவும், ஒருவருக்குத் தோற்றால் யாருக்குமே நிறுவாதே என்று ஒரு டிக் பாக்ஸும் கொடுத்திருக்கிறார்கள். அந்த டிக்கை எடுத்துவிட்டவர்கள் என்ன நினைத்து எடுத்தார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

பனோரமா என்ற மைய நிர்வாக சர்வர் வைத்து பாலோ ஆல்டோ ஜோடியை நிர்வகிக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு இடம் இங்கே இருக்கிறது. பனோரமா தள்ளும் பாலிசி, ஜோடிக்குள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவதில்லை. பனோரமாதான் இரண்டுக்கும் தனித்தனியாகத் தள்ள வேண்டும். ஒன்றுக்குப் போய், மற்றது அந்த நேரம் தொடர்பில் இல்லாமல் போனால், ஜோடியின் எச்ஏ சிங்க் அந்தப் பள்ளத்தை நிரப்பாது. எச்ஏ விட்ஜெட்டில் கான்ஃபிக் சிங்க் ஆகியிருக்கிறது என்று எரிந்தால் அது லோக்கல் கான்ஃபிக்கைப் பற்றிய செய்தி. பனோரமாவில் தனியாகப் போய்ப் பார்த்தால்தான் மற்றது தெரியும்.

சிங்க் என்ற ஒன்றே இல்லாத ஜோடிகளும் நிறைய. எச்எஸ்ஆர்பி அல்லது விஆர்ஆர்பி என்ற புரோட்டோகால் ஓடும் இரண்டு ரவுட்டர்கள் ஒரு விர்ச்சுவல் ஐபியைப் பகிர்ந்துகொள்கின்றன, அவ்வளவுதான். எதை விடுவது, எதைத் தடுப்பது என்று சொல்லும் பட்டியலான ஏசிஎல்லை இரண்டு பக்கமும் யாராவது கையால் அடித்திருக்க வேண்டும். இதில் சிஸ்கோ ரவுட்டர்களின் மென்பொருளான ஐஓஎஸ்ஸின் ஒரு பழைய குணம் வந்து சேர்ந்துகொள்ளும்: இன்டர்ஃபேஸில் ஒரு ஏசிஎல்லின் பெயரைப் போட்டிருக்கிறீர்கள், ஆனால் அந்தப் பெயரில் ஏசிஎல்லே இல்லை என்றால், அது எல்லாவற்றையும் அனுமதிக்கும். இரண்டாவது ரவுட்டரில் இன்டர்ஃபேஸ் வரியை ஒட்டிவிட்டு ஏசிஎல் வரிகளை ஒட்ட மறந்தால் எந்த எரரும் வராது. சிஸ்கோ நெக்ஸஸ் ஸ்விட்ச்கள் இரண்டை ஒன்றுபோல இயக்கும் விபிசி ஜோடியில் இரண்டு பக்கமும் பொருந்துகிறதா என்று பார்க்கும் சோதனை இருக்கிறது, ஆனால் அதுவும் எல்லாவற்றையும் ஒரே கண்டிப்போடு பார்ப்பதில்லை. டைப் 1 என்று வகைப்படுத்தியவை பொருந்தாவிட்டால் இணைப்பையே நிறுத்திவிடும், டைப் 2 பொருந்தாவிட்டால் லாகில் ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடும். ஏசிஎல்கள் டைப் 1-இல் இல்லை. இரண்டு ஸ்விட்ச்களிலும் வேறு வேறு ஏசிஎல் இருந்தால், ஒரு இணைப்பு எந்த ஸ்விட்ச் வழியாகப் போகிறது என்பதைப் பொறுத்து அனுமதியோ மறுப்போ கிடைக்கும். பாதிப் பேருக்கு வேலை செய்கிறது, பாதிப் பேருக்கு இல்லை என்று ஒரு புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடங்களில் இது ஒன்று.

சரி, சிங்க் இருக்கிறது, ஓடவும் செய்கிறது. அப்படியிருந்தும் எப்படிப் பிசகுகிறது?

முழு கான்ஃபிக்கை ஒவ்வொரு முறையும் அனுப்புவது மெதுவான வேலை. அதனால் பெரும்பாலான கருவிகள் மாற்றத்தை மட்டும் அனுப்பப் பார்க்கும். அந்த மாற்றங்களுக்கு வரிசை முக்கியம். 'புதிய அட்ரஸ் ஆப்ஜெக்ட் ஒன்றை உருவாக்கு, அதை இந்த குரூப்பில் சேர், அந்த குரூப்பை வைத்து ஒரு ரூல் எழுது, அந்த ரூலை ஏழாவதுக்கு மேலே நகர்த்து' என்ற நான்கு படிகளில் முதல் படி மறுபக்கம் தோற்றால் மற்ற மூன்றும் என்ன ஆகும் என்பது அந்த மென்பொருளை எழுதியவர் அன்றைக்கு என்ன யோசித்தார் என்பதைப் பொறுத்தது. மொத்தத்தையும் திருப்பிவிடலாம், அதுதான் நல்லது. ரூலை மட்டும் விட்டுவிட்டு மீதியை ஏற்றுக்கொள்ளலாம். நகர்த்தும் படி மட்டும் தோற்றால் நிலைமை இன்னும் மோசம்: இரண்டு பக்கமும் அதே ரூல்கள், அதே எண்ணிக்கை, வரிசை மட்டும் வேறு. மேலிருந்து கீழே முதலில் பொருந்துவதே செல்லும் என்ற முறையில் வரிசை மாறினால் பாலிசியே மாறிவிட்டது. ஆனால் எண்ணிக்கையைப் பார்க்கிறவருக்கும், பெயரைத் தேடிப் பார்க்கிறவருக்கும் எந்த வித்தியாசமும் தெரியாது.

இன்னொரு ஓட்டை, எழுதிய பாலிசிக்கும் ஓடும் பாலிசிக்கும் நடுவில். கான்ஃபிக் என்பது எழுத்து வடிவம். பாக்கெட்டை நிறுத்துவது அந்த எழுத்திலிருந்து கம்பைல் ஆகி டேட்டா பிளேனில், அதாவது பாக்கெட்டுகளைக் கையாளும் பகுதியில், ஏறிய அட்டவணை. எழுத்து இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்து, அட்டவணை ஒரு பக்கம் பழையதாகவே இருக்கலாம். ஜூனிப்பர் எஸ்ஆர்எக்ஸில் இது பெயர் வைத்துச் சொல்லப்படும் அளவுக்குத் தெரிந்த விஷயம். ரவுட்டிங் எஞ்சினில் இருக்கும் பாலிசியும் பாக்கெட் ஃபார்வர்டிங் எஞ்சினில் இருக்கும் பாலிசியும் ஒத்துப்போகவில்லை என்று எச்சரிக்கை வரும், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கட்டளை, மறுபடி ஒத்திசைக்க ஒரு கட்டளை என்று ஜூனிப்பரே கொடுத்திருக்கிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பிரச்சினை இருக்கிறது என்று ஒத்துக்கொண்டு, பார்ப்பதற்கு வழியும் கொடுக்கிற கருவியை, எப்போதும் பச்சையே காட்டுகிற கருவியைவிட நம்பலாம்.

எஃப்5-இன் வெப் அப்ளிகேஷன் ஃபயர்வாலில் கதை இன்னும் ஒரு சுற்று சுற்றும். விர்ச்சுவல் சர்வர், பூல் போன்ற சாதாரண கான்ஃபிக் ஒரு இடத்தில் இருக்கிறது, ஏஎஸ்எம் (அந்த வெப் அப்ளிகேஷன் ஃபயர்வால் பகுதியின் பெயர்) பாலிசி விவரங்கள் பெட்டிக்குள்ளேயே ஓடும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் இருக்கின்றன. சாதாரண கான்ஃபிக் சிங்க் ஆகும் டிவைஸ் குரூப்பை அமைத்துவிட்டால் போதாது, ஏஎஸ்எம்முக்கு எந்த குரூப் என்று தனியாகவும் சொல்ல வேண்டும். பாலிசியைத் திருத்தினால் 'அப்ளை' செய்யும்வரை அது அமலுக்கே வராது. கற்றுக்கொள்ளும் முறையில் இருந்தால், பாலிசி பில்டர் ட்ராஃபிக்கைப் பார்த்துத் தானாகவே பாலிசியை மாற்றிக்கொண்டும் இருக்கும். ஆகத் திருத்தியது, அமலானது, மறுபக்கம் போனது என்று மூன்று நிலைகள், இரண்டு சேமிப்பிடங்கள், மனிதர் தொடாமலேயே நடக்கும் மாற்றங்கள். இவ்வளவு நகரும் பாகங்கள் இருக்கும் இடத்தில் பக் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். விர்ச்சுவல் சர்வர் இரண்டு பக்கமும் அதே பாலிசிப் பெயரைச் சுட்டுகிறது என்பதால் உள்ளே இருப்பதும் அதே என்று ஆகிவிடாது.

பிஎஃப்சென்ஸில் வரும் சிக்கல் வேறு மாதிரி, எனக்குப் பிடித்த உதாரணமும் அதுதான், ஏனென்றால் இதில் எந்த மென்பொருளும் தவறு செய்வதில்லை. அங்கே ரூல்கள் வன்பொருள் போர்ட்டின் பெயரோடு கட்டப்படுவதில்லை, லேன், வேன், ஆப்ட்1, ஆப்ட்2 என்ற உள் பெயர்களோடு கட்டப்படுகின்றன. முதல் பெட்டியில் ஆப்ட்1 என்பது சர்வர் நெட்வொர்க், ஆப்ட்2 என்பது விருந்தினர் வைஃபை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது பெட்டியை அமைத்தவர் அவற்றை மாற்றி வரிசையில் சேர்த்துவிட்டார். சிங்க் ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் நடக்கும், விருந்தினர் வைஃபைக்கு எழுதிய ரூல்கள் சர்வர் நெட்வொர்க்கில் போய் உட்காரும். கான்ஃபிக்கின் ரூல் பகுதியை மட்டும் ஒப்பிட்டால் இரண்டும் நூற்றுக்கு நூறு ஒன்று. இன்டர்ஃபேஸ்கள் அதே வரிசையில் இருக்க வேண்டும் என்று அவர்களுடைய ஆவணத்தில் எழுதியே இருக்கிறது, ஆனால் அவசரத்தில் மாற்றுப் பெட்டி அமைக்கும்போது அதைத் தேடிப் படிக்கிறவர்கள் எத்தனை பேர்.

சிங்க் ஆகாது என்று வடிவமைப்பிலேயே விட்டவற்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஹோஸ்ட்நேம், மேனேஜ்மென்ட் ஐபி, எச்ஏ ப்ரையாரிட்டி போன்றவை இரண்டு பக்கமும் வேறாகத்தான் இருக்க வேண்டும், அது சரி. ஏஎஸ்ஏவில் எனிகனெக்ட் (சிஸ்கோவின் விபிஎன் மென்பொருள்) இமேஜ்களும் ப்ரொஃபைல் கோப்புகளும் போவதில்லை, அவற்றைக் கையால் ஸ்டாண்ட்பையில் காப்பி செய்ய வேண்டும். அந்தக் கோப்பைச் சுட்டும் கான்ஃபிக் வரி போய்விடும், கோப்பு போகாது. பாலோ ஆல்டோ ஜோடியில் மாஸ்டர் கீ இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குறியாக்கம் செய்த கடவுச்சொற்களையும் பிரைவேட் கீகளையும் மறுபக்கத்தால் திறக்க முடியாது. டொமைன் பெயரை வைத்து எழுதிய ரூல்களை ஒவ்வொரு பெட்டியும் தானே டிஎன்எஸ்ஸில் கேட்டுத் தீர்த்துக்கொண்டால், இரண்டுக்கும் வேறு ஐபிகள் கிடைக்கலாம். இது பக் இல்லை. விளைவு மட்டும் பக்கைப் போலவே இருக்கும்.

மென்பொருள் மேம்படுத்தும் நேரம் தனி ஆபத்து. ஒன்றில் முதலில் புதிய வெர்ஷனை ஏற்றி, வேலையை அதன் பக்கம் மாற்றி, அப்புறம் மற்றதில் ஏற்றுவது வழக்கம். நடுவில் சிறிது நேரமாவது இரண்டும் வேறு வெர்ஷனில் இருக்கும். எஃப்5 போன்றவர்கள் வெவ்வேறு வெர்ஷன்களுக்கு நடுவில் கான்ஃபிக் சிங்க் செய்யவே கூடாது என்கிறார்கள். புதிய வெர்ஷனில் வந்த ஒரு அமைப்பின் இயல்பு மதிப்பு பழையதில் வேறாக இருக்கும், அல்லது அந்த அமைப்பே இருக்காது. 'இன்று ஒன்று, ஒரு வாரம் பார்த்துவிட்டு மற்றது' என்று ஜாக்கிரதையாக இருப்பதாக நினைத்துச் செய்கிறவர்கள் அந்த வாரம் முழுவதும் அவசரமாக வரும் ஒவ்வொரு ரூல் மாற்றத்தையும் இந்த நிலையில்தான் செய்கிறார்கள்.

செக்சம்தான் இருக்கிறதே என்பீர்கள். செக்சம் எதன் மேல் எடுக்கப்பட்டதோ அதற்கு மட்டும்தான் சாட்சி. பெரும்பாலும் அது சேமித்த கான்ஃபிக்கின் மேல் எடுத்தது. டேட்டா பிளேன் அட்டவணைக்கும், பக்கத்துத் தரவுத்தளத்துக்கும், தனிக் கோப்புகளுக்கும் அது சாட்சி சொல்லாது. ஃபோர்ட்டிகேட்டில் செக்சத்தை மறுபடி கணக்கிடு என்று ஒரு கட்டளை தனியாகவே உண்டு. அப்படி ஒன்று இருப்பதிலிருந்தே, ஏற்கெனவே கணக்கிட்டு வைத்த எண் பழசாகப் போகலாம் என்று புரிந்துகொள்ளலாம். இதற்கு எதிர்ப் பக்கமும் உண்டு: உண்மையில் வித்தியாசமே இல்லாமல் செக்சம் மட்டும் பொருந்தாமல் சிவப்பு எரிந்துகொண்டே இருப்பது. பொய்யாக எரியும் பச்சையைவிட இது பரவாயில்லை என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாதக்கணக்கில் எரியும் சிவப்பைப் பார்த்துப் பழகிய குழு, ஒரு நாள் நிஜமாகவே பாலிசி பிசகும்போதும் 'அது அப்படித்தான் எரியும்' என்று கடந்து போகும்.

ஃபெயில்ஓவருக்குப் பிறகு செஷன்கள் என்ன ஆகின்றன என்பது இன்னொரு மறைப்பு. ஆக்டிவில் அனுமதி பெற்ற இணைப்பு, செஷன் சிங்க் வழியாக மறுபக்கம் போய், அங்கே ரூல் இல்லாவிட்டாலும் தொடர்ந்து ஓடலாம், ஏனென்றால் ஏற்கெனவே நிறுவப்பட்ட செஷனை மறுபடி ரூல்பேஸில் தேடாமல் விடுவதுதான் ஃபயர்வாலின் வேகத்துக்கே காரணம். அதனால் ஃபெயில்ஓவர் ஆன முதல் அரை மணி நேரம் எல்லாம் நன்றாகவே தெரியும். பழைய செஷன்கள் முடிந்து புதியவை தொடங்கும்போதுதான் புகார்கள் சொட்டுச் சொட்டாக வரும், அதற்குள் ஃபெயில்ஓவரையும் புகாரையும் யாரும் இணைத்துப் பார்க்க மாட்டார்கள். பாலிசி மாறினால் ஓடும் செஷன்களையும் மறுபடி சோதிக்கும் அமைப்பு பல கருவிகளில் உண்டு, ஜூனிப்பரில் பாலிசி ரீமேட்ச், பாலோ ஆல்டோவில் ரீமேட்ச் செஷன்ஸ். உங்களுடையதில் அது எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஃபெயில்ஓவருக்கு முன்னாலேயே பார்த்து வையுங்கள்.

கண்டுபிடிக்க என்ன செய்யலாம்? இரண்டு பெட்டியிலிருந்தும் கான்ஃபிக்கைத் தனித்தனியாக எடுத்து, வேறாக இருக்க வேண்டிய வரிகளை நீக்கிவிட்டு, வெளியே ஒரு கணினியில் வைத்து டிஃப் போடுங்கள், அதாவது வரிக்கு வரி ஒப்பிடுங்கள். வரிசையைக் கலைத்து அடுக்கிவிட்டு ஒப்பிடாதீர்கள், வரிசைதான் பாலிசி. இதைத் தினமும் ஸ்கிரிப்ட் ஓட்டிப் பார்க்கலாம், செலவே இல்லை. கருவி அனுமதித்தால் டேட்டா பிளேனில் ஏறியதையும் கேளுங்கள், ஏஎஸ்எம் போன்றவற்றில் பாலிசியை இரண்டு பக்கமிருந்தும் எக்ஸ்போர்ட் செய்து உள்ளடக்கத்தை ஒப்பிடுங்கள். ஆனால் இவற்றையெல்லாம்விட ஒன்றைத்தான் நான் வலியுறுத்துவேன்: திட்டமிட்ட ஃபெயில்ஓவர் செய்து, புதிய ஆக்டிவில், தடுக்கப்பட வேண்டியதை முயன்று பாருங்கள். விருந்தினர் நெட்வொர்க்கிலிருந்து தரவுத்தள சர்வரின் போர்ட்டுக்கு இணைத்துப் பாருங்கள், ஐபிஎஸ் பிடிக்க வேண்டிய சோதனைக் கோரிக்கையை அனுப்பிப் பாருங்கள். அதுவும் புதிய இணைப்புகளாக இருக்க வேண்டும், முன்பே திறந்து வைத்தவை உதவாது. வேலை செய்ய வேண்டியவற்றின் பட்டியல் எல்லாக் குழுவிடமும் இருக்கும். வேலை செய்யக் கூடாதவற்றின் பட்டியல் வைத்திருக்கும் குழு அபூர்வம், அதைத் தொகுப்பதற்கே ஒரு பகல் போகும், போகட்டும்.

பிசகு கண்டுபிடித்துவிட்டால் அவசரப்பட்டு 'முழு சிங்க்' பொத்தானை அழுத்தாதீர்கள். இரண்டு பக்கத்து கான்ஃபிக்கையும் முதலில் பத்திரப்படுத்துங்கள், பிறகு எது சரியானது என்று முடிவு செய்யுங்கள். ஆக்டிவில் இருப்பதுதான் சரி என்று நினைப்பது இயல்பு, ஆனால் இடையில் ஒரு ஃபெயில்ஓவர் நடந்து, பிசகிய பெட்டி இப்போது ஆக்டிவாக இருந்து, அதன் மேலேயே நான்கு புதிய மாற்றங்களும் செய்திருந்தால்? அப்போது எந்தத் திசையில் தள்ளினாலும் ஏதோ ஒன்று அழியும். கையால் ஒன்று சேர்த்துவிட்டுத்தான் தள்ள வேண்டும். தயாரிப்பாளர் பக்கைச் சரிசெய்து புதிய வெர்ஷன் கொடுத்தாலும், பெரும்பாலும் அது இனி வரும் மாற்றங்கள் சரியாகப் போவதைத்தான் பார்த்துக்கொள்ளும். பேட்சுக்கு முன்பே பிசகிப்போன ரூல்கள் அப்படியே கிடக்கும், பச்சை விளக்கும் எரியும். அதனால் மேம்படுத்திய பிறகும் அந்த டிஃபை ஒருமுறை ஓட்டி, சரிசெய்து, பாலிசி மாறிய பகுதிகளுக்கான பழைய செஷன்களையும் அழித்துவிடுங்கள்.